கால அட்டவணையை ஆராயும் பையனுக்குப் பைலட் படிப்பு எதற்கு?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான்; கணிதத்தில் நல்ல மதிப்பெண், இயற்பியலில் சுமார். ஓய்வு நேரம் முழுவதும் கைப்பேசியில் எந்த விமானம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைக் கேள்விப்பட்ட தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து, "பையனைப் பைலட் ஆக்கிவிடுங்கள், மாப்பிள்ளை, குடும்பமே தலை நிமிரும்" என்று சொல்லிவிட்டார். நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கும் கரும்பு நிலத்துக்கு விலை பேசும் அளவுக்குக் காரியம் வளர்ந்துவிட்டது. தாயாருக்கு உறக்கம் போய்விட்டதாம். தந்தை என்னிடம் கேட்பதோ, எந்தப் பயிற்சிப் பள்ளி சிறந்தது என்ற ஒன்றே ஒன்றை.

ஐயா, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பையனின் ஆர்வத்துக்குச் சான்றாக அவனுடைய குறிப்பேட்டின் பக்கங்களை நீங்களே படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நான் படித்தேன். புதுச்சேரியிலிருந்து ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் விமானம் இருக்கும்போது சென்னைக்கு ஏன் இல்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறான். பூடானிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் நடுவில் அசாமின் குவாஹாட்டியில் ஏன் இறங்குகிறது என்று இன்னொரு பக்கத்தில் கேட்டிருக்கிறான். ஒரு தடத்துக்கு வாரம் ஏழு நாளும் விமானம் இருக்க, இன்னொன்றுக்கு ஏன் இரண்டே நாள் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். எஞ்சினைப் பற்றியோ, விமானி அறையைப் பற்றியோ, ஓட்டுவதைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. உங்கள் மகனை இழுப்பது விமானம் ஓட்டுவது அல்ல, விமானம் எங்கே, எப்போது, எத்தனை முறை போக வேண்டும் என்று தீர்மானிப்பது. விமான நிறுவனங்களில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது; நெட்வொர்க் பிளானிங் என்று பெயர். உங்கள் உறவினர் எவரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மட்டுமே இன்று ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய் ஆகும். அதன்பின் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம் வேண்டும். இவ்வளவும் கட்டிய பிறகும் வேலை உறுதியில்லை. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். 200 மணி நேரக்காரர் அந்த வரிசையில் எங்கே நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பறப்பதற்காகவே பிறந்தது போன்ற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்காகக் குடும்பம் துணிவதில் ஒரு நியாயம் இருக்கலாம். உங்கள் மகன் அப்படிக் கேட்கவே இல்லை, கேட்டவர் மாமா. மாமாவின் ஆசைக்காக நிலத்தை விற்காதீர்கள் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

இனி, அவன் கேட்டவற்றுக்கு வருகிறேன். அந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்பது இவற்றுக்குப் பதில் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளம்தான். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானங்களை முழுச் சுமையோடு அங்கே இயக்க முடியாது. புரொப்பெல்லர் எஞ்சின் கொண்ட ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்கே அது பொருந்தும். ஆகவே விமானம் எது என்பதை ஓடுபாதையே தீர்மானித்துவிடுகிறது. இருக்கைகள் எண்பதுக்குள் அடங்கிவிடுகின்றன. சிக்கனமாகப் போய்வரக்கூடிய தொலைவும் சுருங்கிவிடுகிறது. அந்தத் தொலைவுக்குள் சென்னை இருக்கிறது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தில் காரிலேயே போய்விடுகிற ஊருக்கு, ஒரு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் வந்து காத்திருக்க எவர் பணம் கொடுப்பார்? ஐதராபாத்தும் பெங்களூரும் அப்படியல்ல. சாலையில் போனால் அரை நாளோ அதற்கு மேலோ ஆகும். போய் இறங்கினால் அங்கிருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று விமானம் மாறிக்கொள்ளலாம். புதுச்சேரியில் ஏறுகிற ஒருவர் பெங்களூருக்குத்தான் போகிறார் என்று பொருளில்லை; அந்த விமானத்தில் இருபது ஊர்களுக்குப் போகிறவர்கள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பைஸ்ஜெட் 2017-இல், சிறு நகரங்களுக்கு விமானம் விட மத்திய அரசு கைகொடுக்கும் உடான் திட்டத்தின்கீழ் ஐதராபாத் தடத்தைத் தொடங்கியதும், அந்தச் சேவை 2024-இல் நின்றதும், அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ ஏடிஆர் விமானங்களோடு அதே இரு நகரங்களையே தேர்ந்தெடுத்ததும் தற்செயல் அல்ல. பயணிகள் எங்கிருந்து புறப்பட்டுக் கடைசியாக எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்ற கணக்கைப் பார்ப்பவர் எவரானாலும் ஏறக்குறைய அந்த விடைக்கே வந்து சேர்வார்.

பூடான் இதைவிடச் சுவையான பாடம். எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டின் தேசிய விமான நிறுவனம் ட்ரூக்ஏர். 1983-இல் 18 இருக்கை டோர்னியர் விமானத்தில் பாரோவிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கத் தொடங்கியது. பாரோ விமான நிலையம் 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், கண்ணால் மலைகளைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். நண்பகலுக்குப் பின் காற்று வலுக்கும். எனவே கால அட்டவணை போடுகிறவர் முதலில் எழுதிக்கொள்வது பயணிகளின் விருப்பத்தை அல்ல, சூரியன் மறையும் நேரத்தை. காலையில் கிளம்பிய விமானம் பாங்காக் போய், சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப முடியுமா, இல்லையென்றால் இரவு அங்கேயே நிறுத்தி, விமானிகளுக்கு ஓட்டல் செலவு கொடுத்து, மறுநாள் அழைத்து வருவதா என்பதிலிருந்தே அந்த நாட்டின் அட்டவணை தொடங்குகிறது.

குவாஹாட்டியில் இறங்குவதற்கான காரணத்தை உங்கள் மகன் கண்டுபிடிக்காமல் விட்டது எனக்கு வியப்பில்லை, ஏனென்றால் அது வரைபடத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியில், ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் பயணிகளை ஏற்றி இறக்குவதற்கு இரு அரசுகளும் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பூடான் விமானம் இந்திய ஊரில் பயணிகளை ஏற்றி மூன்றாவது நாட்டில் இறக்குவது ஐந்தாம் உரிமை எனப்படும். அந்த உரிமையை இந்தியா கொடுத்திருப்பதால்தான் மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவிலிருந்து பாங்காக்குக்கும் குவாஹாட்டியிலிருந்து சிங்கப்பூருக்கும் ட்ரூக்ஏர் டிக்கெட் விற்க முடிகிறது. பாரோவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களை மட்டும் நம்பினால் பல நாள்களில் பாதி விமானம் காலியாக இருக்கும். மீதி இருக்கைகளை அசாம்காரர்கள் நிரப்புகிறார்கள். உயரமான ஓடுபாதையிலிருந்து நீண்ட தூரத்துக்கான எரிபொருளோடு முழுச் சுமையையும் தூக்குவது கடினம் என்பதால், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வதும் வசதியாகிவிடுகிறது. ஒரே நிறுத்தத்தில் இரண்டு லாபம்.

எத்தனை முறை பறப்பது என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. எடுத்துக்காட்டாக, 120 இருக்கை விமானம் ஒன்று, வாரத்துக்கு ஒரு திசையில் 560 பயணிகள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பறந்தால் 840 இருக்கைகள். மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும். வாரம் ஐந்து முறை என்றால் 600 இருக்கைகள். 93 விழுக்காடு நிரம்பிவிடும், காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் 560 பேரும் அப்படியே வந்துவிட மாட்டார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர் நேரம் பார்க்காமல் பேருந்து நிலையத்துக்குப் போகிறார், ஏனென்றால் அடுத்தடுத்து வண்டி வந்துகொண்டே இருக்கும். நாளைக்கு இரண்டு முறை மட்டும் பேருந்து வரும் கிராமத்துக்காரர் ஷேர் ஆட்டோவைப் பிடித்துவிடுகிறார். விமானத்திலும் அதேதான். செவ்வாய் போய்ப் புதன் திரும்ப வேண்டிய வியாபாரிக்குப் புதன்கிழமை விமானம் இல்லையென்றால் அவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுவார். கூடுதல் கட்டணம் கொடுக்கக்கூடியவர் அவரே. மிஞ்சுகிறவர்கள் மலிவு டிக்கெட்டுக்காகப் பல வாரம் முன்பே பதிவு செய்தவர்கள். ஆக, பறப்பதைக் குறைத்தால் செலவு குறைவதோடு வருமானத்தின் தரமும் குறைகிறது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். குத்தகைக்கு எடுத்த விமானம் பறந்தாலும் நின்றாலும் மாத வாடகை கேட்கும். கைவிட்ட இரண்டு நாள்களில் அதே விமானத்தை வேறெங்கே அனுப்பலாம் என்பதற்கு விடை இருந்தால் மட்டுமே குறைப்பதில் அர்த்தம் உண்டு. ட்ரூக்ஏர் குளிர்காலத்தில் கயாவுக்குப் பறப்பது இந்த வகை விடை: மலையில் குளிர் ஏறி, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் குறையும் மாதங்களில், பூடான் மக்கள் புத்தகயாவுக்கு யாத்திரை போகிறார்கள், சும்மா நிற்கக்கூடிய இருக்கைகளுக்கு வேலை கிடைக்கிறது. இப்படிப் பருவத்தோடு பருவத்தைப் பொருத்துவதில்தான் சிறிய நிறுவனத்தின் பிழைப்பு இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு ஒரு தடம் தோற்றால் இன்னொன்று தாங்கும். நான்கைந்து விமானங்களை வைத்திருப்பவரிடம் ஒன்று பழுதானால் அன்றைய அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்துவிடும். அதற்காகவே வேண்டுமென்று கொஞ்சம் இடைவெளி விட்டு அட்டவணை போடுகிறார்கள்.

தேசிய நிறுவனம் என்பதால் இன்னொரு சுமையும் உண்டு. நோயாளிகள் கொல்கத்தாவுக்கோ நம் வேலூருக்கோ வர வேண்டும், உள்நாட்டு மலை மாவட்டங்களுக்குச் சிறிய விமானம் போக வேண்டும், அரசின் சுற்றுலாக் கொள்கை மாறினால் தடங்களும் மாற வேண்டும். இவை லாபக் கணக்கில் மட்டும் முடிகிற முடிவுகள் அல்ல. எந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம், எதை ஏற்கவில்லை என்பதை அரசுக்கு எண்களோடு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் பைலட் அல்ல.

படிப்புக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வைப் பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். பையனுக்குத் தேவை இளங்கலைக் கணிதம், புள்ளியியல் அல்லது பொருளியல். கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கலாம், வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே. புதுச்சேரியில் படிப்பதானால் லாஸ்பேட்டை தாகூர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. முதுகலைக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலோ புள்ளியியல். துணிந்து வெளியே போகத் தயாரென்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில், எதை எப்போது எவ்வளவு செய்வது என்று கணிதத்தால் தீர்மானிக்கும் ஆபரேஷனல் ரிசர்ச் என்ற தனித்துறையே இருக்கிறது, இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. எக்செல், பைத்தான், தரவுத்தளக் கேள்விமொழி (SQL) ஆகியவற்றைக் கல்லூரி நாள்களிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். மொத்தச் செலவு, விடுதியைச் சேர்த்தாலும், பறக்கும் பயிற்சிச் செலவில் ஒரு சிறு பங்கைத் தாண்டாது.

"ஏவியேஷன்" என்று பெயர்ப்பலகை வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பட்டப்படிப்புகளில் சேர்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை டிக்கெட் கவுண்டர் வேலைக்கும் விமான நிலையத் தரைப் பணிக்கும் ஆள் தயாரிப்பவை. அந்த வேலைகளில் குறை ஒன்றுமில்லை, ஆனால் அவற்றுக்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

இந்தத் துறையில் இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். தடம் வகுக்கும் குழு பெரிய நிறுவனத்திலேயே சிறியது. தலைமையகங்கள் குருகிராம், மும்பை போன்ற இடங்களில் இருப்பதால் கடலூரை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் விமான நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. இதே கணக்கு மெட்ரோ ரயிலுக்கும், சரக்குக் கப்பலுக்கும், கூரியர் நிறுவனத்துக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் வேண்டியிருக்கிறது. விமானத் துறை சரிந்தால் பைலட் லைசென்ஸை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. புள்ளியியல் பட்டத்துக்கு அந்தக் கட்டு இல்லை.

தாயாரிடம் ஒன்று சொல்லுங்கள்: பையன் கைப்பேசியில் நேரத்தை வீணாக்குகிறான் என்று இனி கண்டிக்க வேண்டாம்; அதற்குப் பதிலாகத் தேர்வு முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள். லாஸ்பேட்டையிலிருந்து மூன்றாவதாக ஓர் ஊருக்கு ஏடிஆர் விட வேண்டுமென்றால் எந்த ஊர், வாரத்தில் எந்தெந்த நாள், காலையா மாலையா, எந்த விமானத்தோடு இணைப்பு, எந்தத் தடத்தில் இருந்து விமானத்தை எடுப்பது என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். நான்கு நாளில் சலித்துப் போனான் என்றால் என் யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பேசுவோம்.

மைத்துனருக்குச் சொல்ல வேண்டியதும் எளிது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயதுதான் 18. அந்த வயதிலேயே தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பட்டம் முடித்து 21 வயதில் அவனே பறக்க வேண்டும் என்று கேட்டால், அப்போது முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு வங்கிக் கடனுக்கான வட்டிக் கணக்கு, அதன் பிறகு பயிற்சிப் பள்ளி என்ற வரிசையில் பார்க்கலாம். அதுவரை நிலத்துக்கு வாங்கிய முன்பணம் ஏதேனும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.