மகனை மருந்து ஆய்வில் (ட்ரையல்) சேர்க்க 3 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 6 வயது. டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. மரபணுவில் எக்ஸான் என்ற துண்டுகளில் 45 முதல் 50 வரை விடுபட்டிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆய்வில் இருக்கும் மருந்தை முன்கூட்டியே வாங்கித் தருவதாக பெங்களூரில் ஒருவர் சொல்கிறார். ட்ரையலில் இடம் பிடிக்க 3 லட்சம் முன்பணமாம். அது தாமதமானால் அதுவரை ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார். மாந்தோப்பை அடமானம் வைக்கட்டுமா?"

வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ட்ரையலில் கம்பெனிதான் உங்கள் பிள்ளையின் உதவியைக் கேட்டு வருகிறது. மருந்தும் ஆய்வுக்கான பரிசோதனைகளும் அவர்கள் செலவு. ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள்தான் தர வேண்டும். 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளில் இது இருக்கிறது. ட்ரையலில் சேர யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது ட்ரையல் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

இடத்தைப் பணம் கொடுத்துப் பிடிக்கவும் முடியாது. வயது, நடக்கும் திறன், மரபணு ரிப்போர்ட் போன்றவைதான் அதை முடிவு செய்யும். உங்கள் மகனுக்கு விடுபட்டிருக்கும் பகுதியைப் பார்த்தால், உடம்பு மரபணுவைப் படிக்கும்போது ஒரு எக்ஸானைத் தாண்டிப் போக வைக்கும் மருந்துகளில், எக்ஸான் 51-க்கானவைதான் பொருந்தும். இதே நோய் உள்ள பக்கத்து ஊர்ப் பையனுக்கு அந்த மருந்து பொருந்தாமல் போகலாம். அந்த ஆளிடம் "இது எந்த எக்ஸானுக்கான மருந்து?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே இடம் இருக்கிறது என்பவருக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்காது.

ஸ்டெம் செல் என்பது மற்ற செல்களாக மாறக்கூடிய மூல செல். அந்த ஊசிப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு கறவை மாடுகளையும் தாலிக்கொடியையும் விற்று நான்கு ஊசி போட்டுவிட்டு என்னிடம் வந்தது. பையன் நடை ஒரு அடிகூடக் கூடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. தசைச் சிதைவு நோய் அந்த விலக்கில் இல்லை. ஆனாலும் போர்டு மாட்டி வசூல் நடக்கிறது, தடுக்க வேண்டியவர்கள் சுற்றறிக்கை அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்கள்.

முறையான வழி இருக்கிறது. மூன்றாம் கட்ட ஆய்வில் உள்ள மருந்தை, உயிருக்கு ஆபத்தான அல்லது நிரந்தர ஊனம் தரக்கூடிய நோய்க்குக் கருணை அடிப்படையில் இறக்குமதி செய்ய அதே 2019 விதிகளின் 2020 திருத்தம் இடம் தருகிறது. மனுவை நீங்கள் போட முடியாது, சிகிச்சை தரும் மருத்துவமனைதான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போட வேண்டும். கம்பெனி தர மறுத்தால் வற்புறுத்தவும் முடியாது. அதனால்தான் புரோக்கரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

பணம் முறையாகக் கைமாறும் இடம் ஒன்று உண்டு. ஏமாற்றுவதற்கு அதையே பயன்படுத்துவதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மருந்து வெளிநாட்டில் அனுமதி பெற்று விற்பனையில் இருந்து, இங்கே இன்னும் அனுமதி இல்லை என்றால், மருத்துவர் சீட்டோடு சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய அனுமதி கேட்கலாம். விண்ணப்பம் படிவம் 12ஏ, அனுமதி படிவம் 12பி. இதில் விலை குடும்பத்தின் தலையில்தான் விழும். ஆனால் அந்த மருந்து ஆய்வில் இருப்பதல்ல, ஆய்வு முடிந்து விலை போட்டது. பணமும் மருந்தை விற்பவருக்கு ரசீதோடு போகும், இடம் பிடிக்கும் முன்பணமாகப் போகாது. "ஆய்வு மருந்து" என்று சொல்லிவிட்டு 12பி அனுமதியைக் காட்டிப் பணம் கேட்டால், இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்று அர்த்தம்.

அவசரப்பட்டு எதில் வேண்டுமானாலும் சேருவதிலும் ஆபத்து உண்டு. மரபணு சிகிச்சையில், மரபணுவை உடம்புக்குள் கொண்டுபோக வைரஸை வாகனமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறை ஏற்றினால் உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும், அதே வகைச் சிகிச்சையை மறுபடி தர முடியாமல் போகும். இந்த நோய்க்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சைக்குப் பிறகு, நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பதின்வயதுப் பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2025-ல் வந்தது.

தர்மபுரியிலிருந்து பெங்களூர் பக்கம்தான். அங்கே மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் சேர்ந்து, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி சிறப்பு மையமாக இருக்கின்றன. போய்ப் பதிவு செய்யுங்கள். அந்தக் கொள்கையின் பட்டியலில் உங்கள் மகன் நோய் உண்டு, உதவி 50 லட்சம் வரை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் மருந்துக்கு அது எத்தனை மாதம் வரும்? பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, ஃபைல் மட்டும் மேஜையை விட்டு நகர்வதில்லை. இருந்தாலும் பதிவு இல்லாவிட்டால் அந்த வாசலும் இல்லை.

அதுவரை மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. பல ட்ரையல்களில் அளவு மாறாமல் சில மாதம் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அப்புறம், உறவில் கல்யாணம் செய்ததால்தான் இப்படி என்று வீட்டில் பையனின் அம்மாவைக் குறை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இந்த நோய்க்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பு இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அந்த ஆள் மறுபடி போன் செய்தால், ஆய்வின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளை இந்த அரசுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.