கணினிக் கேள்வி பதில்: சுருக்கிய படம் பெரிதாகுமா?

கேள்வி: தண்ணீர்மலை தைப்பூசத்தில் தம்பி காவடி எடுத்ததை 12 மெகாபிக்சல் கேமராவில் பிடித்தேன். கணினியில் இடமில்லை என்று எல்லாப் படத்தையும் 640க்கு 480 ஆகச் சுருக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். இப்போது ஃபிரேம் போடலாம் என்று கொண்டுபோனால், மங்கலாகத்தான் வரும் என்கிறார் கடைக்காரர். மறுபடி பெரிதாக்க முடியுமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முடியாதும்மா. உங்கள் கேமரா எடுத்தது 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இப்போது மிஞ்சியிருப்பது மூன்று லட்சத்துச் சொச்சம். மென்பொருள் பெரிதாக்கும்போது நடுவில் ஊகித்து இட்டு நிரப்புமே தவிர, தம்பி நெற்றியில் நின்ற வேர்வைத் துளியைத் திருப்பித் தராது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு. 640 புள்ளியை வைத்துக்கொண்டு இரண்டு அங்குலம்தான் போடலாம், அதற்கு எதற்கு ஃபிரேம்?

ஆனால் உடனே மனசை விட்டுவிடாதீர்கள். மெமரி கார்டில் அழித்திருந்தாலும், அதற்கப்புறம் அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்றால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைப்பதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம். சுருக்குவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் யாருக்காவது புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினீர்களா? புலனமும் சுருக்கித்தான் அனுப்பும், இருந்தாலும் உங்களிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆவணமாக அனுப்பியிருந்தால் அசலே கிடைத்துவிடும்.

இனிமேல் அசலைத் தொடாதீர்கள், வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு நகலை மட்டும் சுருக்குங்கள். திரையில் பார்க்க 1920 புள்ளி அகலம் போதும், ஜேபெக் (JPEG, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) தரம் 80, 85 வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காவடிப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஏனென்றால் ஜேபெக் முதலில் கழிப்பது நுணுக்கங்களைத்தான். வெறும் வானம் தாங்கிக்கொள்ளும், மயிலிறகு ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக நொறுங்கிவிடும். திருத்தித் திருத்தி அதே ஜேபெக்கில் சேமித்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும் (நானே மகளின் பிறந்தநாள் படத்தை இப்படித்தான் கெடுத்தேன்). நிறையப் படம் என்றால் இர்ஃபான்வியூ என்ற மென்பொருளில் மொத்தமாகச் சுருக்கலாம், சேமிக்கும் இடமாக வேறு ஃபோல்டரைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், பிஎன்ஜி (PNG) என்ற வேறு கோப்பு வகையாக மாற்றினால் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோப்புதான் ஊதும், மங்கல் அப்படியே இருக்கும்.