ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எதற்கு இத்தனை பாதுகாப்பு விதிகள்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஓர் ஆராய்ச்சி ஆய்வகத்தைப் பார்க்கக் குழுவாகப் போகிறீர்கள், வயதானவர்களும் கூட வருகிறார்கள். உள்ளே இருக்கப்போவது மொத்தமே ஒரு மணி நேரம். அதற்குப் படிவம், கையெழுத்து, அரை மணி நேர விளக்கம், கண் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய ஷூ என்று பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "எதையும் தொடப்போவதில்லை, பார்க்க மட்டும்தானே வருகிறோம், விலக்குக் கேட்டால் தருவார்களா?"

தரக் கூடாது என்பதுதான் என் பதில். கொஞ்சம் சூடாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவதும் என் வேலையில் ஒரு பகுதி. வாசலில் நின்று நான் விளக்கம் சொல்லும்போது கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்களை நிறையப் பார்த்தவன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

"தொட மாட்டேன்" என்பதில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: தொட்டால்தான் ஆபத்து என்று. ஆய்வகத்தில் மோசமான விஷயங்கள் பலவும் உங்களைத் தேடி வருகிறவை. நான்காம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்தில் மிக உயர்ந்த வகை லேசர் என்றால், நேராகக் கண்ணில் பட வேண்டும் என்பதுகூட இல்லை, சுவரில் பட்டுச் சிதறி வருகிற ஒளியே கண்ணைக் கெடுக்கலாம். அகச்சிவப்பு லேசராக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. மீக்கடத்துக் காந்தம் (எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருப்பது போன்ற மிக வலுவான காந்தம்) இருக்கும் அறையில் 'இப்போது எந்திரம் ஓடவில்லை' என்று யாராவது சொன்னாலும், காந்தப்புலம் அப்படியேதான் இருக்கும். இரவு பகல் பாராமல் அது இருந்துகொண்டே இருக்கும். 2001-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் யாரோ ஓர் இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்துவிட்டார்கள். காந்தம் அதை இழுத்த இழுப்பில், உள்ளே படுத்திருந்த ஆறு வயதுப் பையனின் தலையில் மோதி அவன் இறந்துபோனான். அந்தக் குழந்தை எதைத் தொட்டது?

திரவ நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு மிகவும் பிடித்த காட்சியும் அதுதான், அவர்கள் கொஞ்சமும் பயப்படாததும் அதுதான். அது கொதிப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். வெள்ளையாகப் புகை பரவும், எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்த வெள்ளைப் புகை நைட்ரஜன் இல்லை, காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து தெரிவது. நைட்ரஜன் வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள மூடிய அறை ஒன்று. அதில் பத்து லிட்டர் கொட்டினால் 7 கன மீட்டர் வாயு. 36 கன மீட்டர் அறையில் அவ்வளவு காற்று வெளியே தள்ளப்படும். 20.9 சதவீதம் இருந்த ஆக்ஸிஜன் 17-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதுவும் எல்லாம் சீராகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால். நிஜத்தில் குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தங்கும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனிகிறவர் அதற்குள்ளேதான் தலையை விடுகிறார்.

மூச்சு முட்டினால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. மூச்சு முட்டும் உணர்வு முக்கியமாக வருவது உடம்பில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஜன் நிறைந்த காற்றைச் சுவாசிக்கும்போது கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருக்கும், ஆக்ஸிஜன் மட்டும் உள்ளே வராது. உடம்பு எந்த எச்சரிக்கையும் தராது. ஆக்ஸிஜன் மிகவும் குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். விழுந்தவரைத் தூக்க ஓடுகிற அடுத்தவரும் அங்கேயே விழுவார். இப்படி ஒருவர் பின் ஒருவராகப் பலர் இறந்த விபத்துகள் உலகம் முழுக்க உண்டு. அதனால்தான் விளக்கத்தில் "யாராவது மயங்கி விழுந்தால் உள்ளே போகாதீர்கள், வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்கிறோம். கேட்பவர்களுக்கு அது இரக்கமில்லாத பேச்சாகத் தெரிகிறது.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு குழு வந்தது. பெரிய பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதற்குத் தலைமை. நான் விளக்கத்தை ஆரம்பித்ததுமே, "தம்பி, இதெல்லாம் எனக்குத் தெரியும், சீக்கிரம் முடிங்க" என்றார். "சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கூட வந்தவங்களுக்கும் தெரியணுமில்லையா" என்று சொல்லி முழுவதையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

குளிர்சேமிப்பு அறையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்கு வந்திருந்தோம். ஆக்ஸிஜன் அலாரம் அடித்தது. கதவுக்கு வெளியே இருக்கும் மீட்டரில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போய், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. திரவ நைட்ரஜன் நிரப்பும் குழாயின் இணைப்பில் கசிவு, அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றுவிட்டிருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் காரணம் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "எல்லோரும் என் பின்னால் வாங்க, படிக்கட்டு வழியா" என்றேன்.

ஒருவர் திரும்பி நடந்தார். பையைச் சேமிப்பு அறையில் வைத்துவிட்டாராம். "பை மட்டும்தான், ரெண்டு நிமிஷம்." அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என் கையைப் பிடிக்க நீங்க யாரு?" என்று கேட்டார். வெளியே இருந்த ஒன்றுகூடும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. மறுபடி நடந்தாலும் பிடிப்பேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெளியே வந்த பிறகு. பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தேன். எல்லோரும் இருந்தார்கள், கணக்கு சரியாக வந்தது. அப்போது குழுவில் ஒரு பெண், "சாருடைய உதவியாளரும் நம்மோட வந்தாரே, அவர் எங்கே?" என்றார். அவர் தாமதமாக வந்திருக்கிறார். யாரோ ஒரு ஊழியர் 'நம்ம ஆள்தானே' என்று தன் அட்டையால் கதவைத் திறந்து விட்டிருக்கிறார். பதிவேட்டில் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அவரைக் கைபேசியில் அழைத்தால் இணைப்பு பிஸியாகவே இருந்தது.

இப்போது என்ன செய்வது? ஓர் ஆள் உள்ளே இருக்கலாம் என்றால் தேடாமல் இருக்க முடியாது. அவசரகாலக் குழுவிலிருந்து இரண்டு பேர் காற்று உருளையை முதுகில் மாட்டி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு பேருமே எனக்குத் தெரிந்தவர்கள். அறை அறையாகக் குனிந்து பார்த்தார்கள். வெளியே நாங்கள் பேச்சில்லாமல் நின்றோம். கடைசியில் அந்த உதவியாளர் கட்டிடத்தின் மறுபக்கம் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அலாரம் அடிக்கும் முன்பே வேறு படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாராம். உள்ளே இல்லாத ஒருவருக்காக இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துத் தேடினார்கள்.

நீங்கள் போடும் கையெழுத்தை நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கும் காகிதம் என்று நினைக்கிறீர்கள். சட்டத்துக்கும் அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவேடு முதலில் உங்களைத் தேடி உள்ளே போக வேண்டியவர்களுக்கானது. வெளியேறும்போது நேரம் குறித்துவிட்டுப் போகச் சொல்வதும் அதற்காகத்தான். அலாரம் அடித்து வெளியே வந்தவுடன் 'நேரமாச்சு' என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயர் வாசித்து முடியும் வரை நில்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள் என்று தெரியும்: "19 சதவீத ஆக்ஸிஜனில் யாரும் சாக மாட்டார்கள், மிகைப்படுத்துகிறீர்கள்." உண்மைதான், அந்த அளவில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவும் இல்லை. ஆனால் அந்த மீட்டருக்கு அளவு தரும் உணரி இருப்பது அறைக்குள் ஒரு சுவரில், ஓர் உயரத்தில். அது காட்டுவது அந்த இடத்துக் காற்றை. கசிவுக்குப் பக்கத்தில் தரையருகே எவ்வளவு என்பது எனக்கும் தெரியாது, பையை எடுக்கப் போனவருக்கும் தெரியாது. எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது நின்று விவாதிக்க முடியாது. "எங்கள் காலத்தில் கையுறைகூட இல்லாமல் வேலை செய்தோம்" என்பவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் அனுபவசாலிகள். ஆனால் கையுறை போட்டிருந்தும் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். 1996-இல் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் மீது டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ஓரிரு துளிதான் சிந்தியது, அதுவும் லேடெக்ஸ் கையுறையின் மேல். அது கையுறையை ஊடுருவித் தோலுக்குள் போய், அடுத்த வருடம் அவர் இறந்தார். அனுபவத்தில் அவருக்குக் குறையில்லை.

உடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நைலான், பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி உடுத்தி வாருங்கள் என்பது அழகு பார்த்துச் சொல்வது இல்லை. செயற்கை இழை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெரி சங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்று பட்டாலே எரியும் ரசாயனம் ஒன்றை ஊசிக்குழாயில் எடுத்தபோது அது சிந்தித் தீப்பிடித்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்தது. 18 நாள் கழித்து இறந்துபோனார். முடியைக் கட்டுங்கள், விரல் தெரியும் செருப்பு வேண்டாம், துப்பட்டாவையோ சால்வையையோ தொங்கவிடாதீர்கள் என்பதெல்லாம் இப்படிப்பட்ட விலை கொடுத்துக் கற்றவை.

இன்னொன்று, பார்வையாளர்களிடம் நான் பயப்படுவது அவர்களின் கூச்சத்துக்கு. மேலே ஏதோ தெறித்தால், "பரவாயில்லை, சின்னதாகத்தான் பட்டது" என்று மறைப்பார்கள். மறைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கண் கழுவும் குழாயில் இமையைப் பிரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். பாதியில் 'போதும்' என்று தோன்றும், நிறுத்தக் கூடாது. உடம்பில் பட்டால் அவசரக் குளியல் குழாயின் கீழ் நின்று, பட்ட துணியைக் கழற்ற வேண்டும். நான்கு பேர் முன்னால் எப்படி என்று யோசித்து நிற்கும் நேரத்தில் அது தோலைத் தின்றுவிடும். நாங்கள் திரும்பிக்கொண்டு நின்று திரை பிடிப்போம், அதற்கும் பழகியிருக்கிறோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் நீர்த்த நிலையில் பட்டால் மணிக்கணக்கில் வலியே தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வலிக்கவில்லை என்பதை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் வந்துபோகிற விருந்தினருக்கு அரை மணி நேரம் விளக்கம் தருகிற அதே இடத்தில், தினமும் காலையில் வந்து அதே அறைகளைத் துடைக்கிற ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒரு நிமிட விளக்கம்கூடத் தராத நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் குப்பைத் தொட்டியைத் தொடக் கூடாது, எந்த மஞ்சள் முக்கோணத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாக்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிக்கொடுத்தபோது, "அது உங்க வேலை இல்லை" என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. தொழில்நுட்பப் பணியாளர்களின் கதையும் இதுதான். கருவியை ஓடவைத்து, மீட்டரைச் சரிபார்த்து, அலாரம் அடிக்கும்போது ஆட்களை வெளியே கொண்டுவந்தவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில்கூட வராது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் எங்கே சொல்வது?

சரி, உங்கள் குழுவில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். யாருக்காவது பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, உடம்பில் உலோகத் தகடு அல்லது கிளிப் இருந்தால் இப்போதே ஆய்வகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். காந்த அறைகளில் ஐந்து காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்று தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர் அதைத் தாண்டக் கூடாது. முன்பே தெரிந்தால் அவருக்கு வேறு வழி வைப்பார்கள், வாசலில் வந்து தெரிந்தால் அவர் வெளியே உட்கார வேண்டியிருக்கும். கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் இருந்தாலும் சொல்லுங்கள். அவசரத்தில் லிஃப்ட் கிடையாது என்பதால் படி இறங்கச் சிரமப்படுகிறவர் யார் என்பதையும், காது கேட்காதவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கூடவே இருக்க ஓர் ஆளை முன்கூட்டியே ஒதுக்குவார்கள்.