தங்கமீன் ஏன் தங்குவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

*கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காகக் கொளத்தூரில் இரண்டு தங்கமீன்களும் ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையும் வாங்கினோம். தண்ணீரில் குறை எதுவும் இருக்கக் கூடாது என்று கேன் தண்ணீரையே ஊற்றினோம். மூன்றாம் நாள் முதல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முழுத் தண்ணீரையும் மாற்றிப் பார்த்தும் ஆறாம் நாள் இரண்டும் இறந்துவிட்டன. தான் தீனி போட்டதுதான் காரணமோ என்று மகள் அழுகிறாள். எங்கே தவறினோம்? (வாசகி, பெரம்பூர்)*

பதில்: முதலில் மகளிடம், அவள்மீது எந்தத் தவறும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வளர்ப்பதற்கு எளிய மீன் என்று பெயர் வாங்கிய தங்கமீன், உண்மையில் புதிதாக வளர்ப்பவர்களின் கையில் மிக அதிகமாக மடியும் மீன்களில் ஒன்று. இது கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் குளங்களில் வளர்க்கப்பட்டு வந்தது. இதற்கு இரைப்பை கிடையாது. ஆகவே உண்டது விரைவில் கழிவாக வெளியேறுகிறது. அதைவிட முக்கியமாக, செவுள்களின் வழியே அம்மோனியா இடைவிடாமல் நீரில் கலந்துகொண்டே இருக்கிறது. குளத்தில் அது கரைந்து போகும். நான்கைந்து லிட்டர் பிடிக்கும் குடுவையில் அதற்குப் போக்கிடம் இல்லை. மீன் தன் கழிவையே சுவாசிக்க வேண்டியதாகிறது. மேலே வந்து வாயைத் திறந்து மூடியது பசியால் அன்று. அம்மோனியாவால் செவுள் புண்பட்டதும், குடுவையின் குறுகலான வாய் வழியே போதிய காற்று நீரில் கரையாததும் சேர்ந்து மீனைத் திணறடித்திருக்கின்றன.

நாட்பட்ட தொட்டியில் இந்த அம்மோனியாவைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கவனித்துக்கொள்கின்றன. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். இவை ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் அடியில் பரப்பிய கற்களிலும் பெருகி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீங்கள் தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் விட்டீர்கள். கடைக்காரர் சொல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில் இறக்கும் தங்கமீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இறக்கின்றன என்பது என் கருத்து.

கேன் தண்ணீர் உங்கள் அக்கறையைக் காட்டுகிறது. ஆனால் சுத்திகரிப்பில் தாது உப்புகளின் பெரும்பகுதி நீக்கப்பட்ட அந்த நீரில், உடலின் உப்புச் சமநிலையைக் காக்க மீன் ஓயாமல் போராட வேண்டியிருக்கும். பிறகு முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றியது, ஏற்கெனவே தளர்ந்திருந்த மீனுக்கு இன்னோர் அதிர்ச்சி.

மீண்டும் வளர்க்க விரும்பினால், 3 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியை வாங்குங்கள். சுமார் 85 லிட்டர் பிடிக்கும்; இரண்டு மீன்களுக்கு அது தாராளம் என்று சொல்ல முடியாது, போதும் என்று மட்டுமே சொல்லலாம். குளோரின் நீக்கிய குழாய் நீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே நாளும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்கச் செல்லுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் ஃபில்டர் ஸ்பான்ஜில் ஒரு துண்டைத் தந்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

*கேள்வி: ஒவ்வொரு ஞாயிறும் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. ஆனாலும் கழுவிய இரண்டு மூன்று நாட்களில் மீன்கள் சோர்ந்துவிடுகின்றன. (வாசகர், மதுரை)*

பதில்: மேலே சொன்ன பாக்டீரியாவைத்தான் ஞாயிறுதோறும் கழுவி விடுகிறீர்கள். தேய்ப்பதில் போனது போக எஞ்சியதைக் குழாய் நீரில் உள்ள குளோரின் கொன்றுவிடும். அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. பளிங்குபோன்ற நீரிலும் அது கொல்லும் அளவுக்கு இருக்கலாம். நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 8ஆக உயர்ந்தால், அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும் என்பதால், காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் பயன்படுத்துவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே ஸ்பான்ஜை மெல்லப் பிழிந்து அலசினால் போதும். புதிதாகச் சேர்க்கும் நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்து வழங்கும் ஊர்களில் அது தானாக நீங்காது; கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து வேண்டும்.

*கேள்வி: கோடையில் மின்சாரம் நின்றால் ஏர் பம்பும் நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும்? (வாசகர், திருச்சி)*

பதில்: தங்கமீன் குளிர்நீர் மீன், 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு இதமானது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5ஆகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனின் உடல் அதிக ஆக்சிஜனைக் கேட்கும் என்பதுதான் கொடுமை. குளிர்நாடுகளில் பனி மூடிய குளத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி இந்த மீன் உயிர் பிழைத்துக்கொள்ளும். அந்த வியப்பான ஆற்றல் கடுங்குளிரில், உடலின் தேவை மிகக் குறைந்திருக்கும்போதுதான் கைகொடுக்கும்; சித்திரை வெயிலில் அதை நம்ப முடியாது.

எத்தனை மணிநேரம் என்பது மீன்களின் எண்ணிக்கையையும் நீரின் அளவையும் பொறுத்தது. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத வேளையில், தொட்டி நீரையே ஒரு குவளையில் முகந்து சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும். மின்சாரம் வரும்வரை தீனி போட வேண்டாம். ஐஸ் கட்டிகளைக் கொட்டி ஒரேயடியாகக் குளிர்விப்பது ஆபத்து. மூடியைத் திறந்து வைத்து, நீர்ப்பரப்பின் மேல் மேசை விசிறியின் காற்றுப் படும்படி செய்வது மேலானது.

*கேள்வி: உருண்டை வயிறு கொண்ட ஒரண்டா வகைத் தங்கமீன் தலைகீழாக மிதக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது. (வாசகி, கோவை)*

பதில்: அழகுக்காகக் குறுக்கி வளர்க்கப்பட்ட உடலில் குடலும், மிதக்க உதவும் காற்றுப்பையும் நெருக்குண்டு கிடப்பதால் இவ்வகை மீன்களுக்கு இது அடிக்கடி வருகிறது. இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள்; பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறிது கொடுத்துப் பாருங்கள். மிதக்கும் தீனியைத் தவிர்த்து, மூழ்கும் தீனியை ஊறவைத்துப் போடுங்கள். எல்லா மீன்களும் தேறிவிடும் என்று உறுதி கூற மாட்டேன்.

*கேள்வி: நான்கு ஆண்டுகளில் மீன் முக்கால் அடி வளர்ந்துவிட்டது. தொட்டியில் திரும்பக்கூட இடமில்லை. ஊர் ஏரியில் விட்டுவிடலாமா? (வாசகர், செங்கல்பட்டு)*

பதில்: விடாதீர்கள். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள், சாதாரண வகைத் தங்கமீன் ஓரடி வரைகூட வளரும், 10 முதல் 20 ஆண்டுகள் வாழும், இங்கிலாந்தில் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. ஆனால் ஏரியில் அது சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நம் மீன்களின் முட்டைகளைத் தின்னும், தொட்டி நோய்களையும் உடன் கொண்டு செல்லும். ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி நீர்நிலைகளுக்குத் தொல்லையாகிவிட்டன. வீட்டில் மூடிய சிமென்ட் தொட்டியோ சிறு குளமோ வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள்; வண்ணமீன் கடைகளில் கேட்டால், வளர்ந்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.