56 ஏ.பி.ஓ.வுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து

வணக்கம் ஐயா,

நான் ஆரணி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. சுதந்திர தினத்தை ஒட்டி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. பெற்றோர்கள் பிஸ்கட், சோப்பு, லட்டு என்று கொடுத்ததில் ஓர் அட்டைப் பெட்டியும் நிறைந்துவிட்டது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், “வீடியோ காலில் பேசுகிற காலத்தில் இதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்கிறார். கடிதங்களைப் படித்துப் பார்த்தால் எனக்கே சோர்வாக இருக்கிறது. எல்லாமே ‘எங்கள் காவல் தெய்வமே’ என்றுதான் தொடங்குகின்றன. ஒரு மாணவியின் அப்பா ராணுவத்தில் ஹவில்தார். அவள் மட்டும் எழுதவில்லை. கேட்டால், “என்ன எழுதறதுன்னு தெரியல மிஸ்” என்கிறாள். இந்த முயற்சியில் பயன் உண்டா? உண்டென்றால் எப்படிச் செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள டீச்சர்,

பயன் உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அந்தக் கட்டை அப்படியே அனுப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் போன் விஷயம். உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் பாதி சரி. சியாச்சினில்கூட 2023-ல் பி.எஸ்.என்.எல். கோபுரம் வந்துவிட்டது, அதுவும் 15,000 அடிக்கு மேல். ஆனால் ராணுவக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு அந்தப் போன் பேச்சில் என்ன இருக்கும் என்று தெரியும். கேஸ் தீர்ந்தது, அம்மாவுக்குச் சுகர் ஏறியது, பத்திரப் பதிவு தள்ளிப்போனது, பையன் கணக்கில் மார்க் குறைந்தது. சிக்னல் போவதற்குள் எல்லாவற்றையும் கொட்டியாக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து அந்த வீரரால் எதுவும் செய்ய முடியாது. “சரி, பார்த்துக்கோ” என்பார். அப்புறம் போனை வைத்துவிட்டு அதையெல்லாம் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே டூட்டிக்குப் போவார். கடிதம் அப்படி அல்ல. சட்டைப் பையில் இருக்கும். சென்ட்ரி என்கிற காவல் டூட்டி முடிந்து வந்து ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்துகொண்டு இன்னொரு தடவை படிக்கலாம்.

என் பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் இன்லேண்ட் லெட்டரில் எழுதுவேன். செவலை கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கொல்லை மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி. மேலத்தெருவில் தெருவிளக்கு வந்துவிட்டது, ஆனால் எரிவதில்லை. “இதையெல்லாமா பெரியம்மா எழுதுவாங்க?” என்று கேட்பேன். “எழுதுடா, அவன் பாக்கணும்ல” என்பார். அண்ணன் ஓய்வுபெற்று வந்தபிறகுதான் மீதிக் கதை தெரிந்தது. அவர் அந்தக் கடிதங்களை இந்தியில் சொல்லச் சொல்ல, வீரர்கள் தங்கும் பாரக்கில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். உத்தராகண்ட் மலைப்பக்கத்துக் கர்வாலி நண்பர் ஒருவர், அந்தக் கன்று என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதம் வரும்வரை விடமாட்டாராம். அவர் வீட்டிலும் மாடு உண்டு.

உங்கள் பிள்ளைகளின் கடிதத்தில் இல்லாதது இதுதான். ‘காவல் தெய்வமே’ என்று எழுதியதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. மேடையில், டி.வி.யில், ஸ்டேட்டஸில் அவர்கள் கேட்பதெல்லாம் அதுதான். ஆனால் படிப்பவரை நினைத்துப் பாருங்கள். கையுறை போட்ட கையில் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருப்பார், மூன்று நாளாகக் குளித்திருக்கமாட்டார், வீட்டு லோன் தவணை மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும். அவரைத் தெய்வம் என்று அழைத்தால் அவர் என்ன பதில் எழுதுவார்? நன்றி என்று ஒரு வரி எழுதலாம். “எங்கள் பள்ளி வேப்பமரத்தில் தேன்கூடு கட்டியிருக்கிறது, பி.டி. சார் ஓடினார், உங்கள் பக்கம் மரம் உண்டா?” என்று கேட்டால் ஒரு பக்கம் பதில் வரும். அதனால் பிள்ளைகளை மறுபடி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் நேற்று தன் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எழுதட்டும், ஒரு கேள்வி கேட்கட்டும். எந்த இடத்தில் இருக்கிறீர்கள், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகள் மட்டும் வேண்டாம். முதலாவதற்கு அவர் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவதை யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

கடிதம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வந்த தபால், இங்கிலாந்தின் பர்மிங்காமில் கிடங்கு கிடங்காகத் தேங்கிக் கிடந்தது. அதைப் பிரிக்க 1945-ல் சாரிட்டி ஆடம்ஸ் என்ற பெண் அதிகாரியின் தலைமையில் 6888-ஆம் அஞ்சல் பட்டாலியன் போய் இறங்கியது. 855 பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். குளிரும் கிடங்கு, விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பெயின்ட். வீட்டிலிருந்து அனுப்பிய கேக்குகள் பார்சலிலேயே கெட்டுப்போய் எலிகள் குடியேறியிருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். சில உறைகளில் முகவரியே இல்லை, ‘ஜூனியர், அமெரிக்க ராணுவம்’ என்பதோடு சரி. இவர்கள் சுமார் 70 லட்சம் பெயர் அட்டைகளை வைத்துக்கொண்டு, ராணுவ எண்ணைப் பார்த்துப் பார்த்து, நாளுக்கு மூன்று ஷிஃப்ட் வேலை செய்தார்கள். ஆறு மாதம் ஆகும் என்று சொன்ன வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது. கடிதம் வராவிட்டால் சிப்பாயின் மனம் தளரும் என்பதைத்தான் அவர்கள் தங்கள் முழக்கமாக வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் சாப்பிட்டதும் தூங்கியதும்கூட நிறப் பாகுபாட்டால் தனியாகத்தான். அப்படி நடத்திய ஒரு ராணுவத்தின் சிப்பாய்களுக்கு, ஒவ்வொரு கடிதமும் உரிய ஆளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, பார்சலுக்கு வருவோம். நம் ராணுவத்தில் ரேஷனுக்குக் குறைவில்லை. அரிசி, ஆட்டா, பருப்பு உண்டு. உயரமான போஸ்ட்டுகளுக்கு சாக்லேட், உலர் பழம், டின் உணவும் போகும். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கேன்டீன் இருக்கிறது. அதனால் பார்சலில் போக வேண்டியது அங்கே கிடைக்காத ருசி. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், கை முறுக்கு, பொருள்விளங்கா உருண்டை. இவை சில வாரம் தாங்கும். லட்டு தாங்காது, அதை வகுப்பிலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஊறுகாய் என்றால் எண்ணெய் கசியாமல் இரட்டை உறை போட வேண்டும். பெரியம்மா காடாத் துணியில் தைத்து அரக்கு வைத்து அனுப்பிய நாரத்தங்காய் ஊறுகாய், உடன் வைத்த கடிதத்தையும் பனியனையும் மஞ்சளாக்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தது. அண்ணன் அந்தப் பனியனைத் தூக்கிப்போட மனமில்லாமல் போட்டுக்கொண்டு திரிந்ததாகச் சொன்னார்.

யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்புவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விதி. முதல் உலகப் போரில் 1914 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் நிதி திரட்டிப் படைகளுக்கு ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி அனுப்பினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் புகையிலையும் சிகரெட்டும். சீக்கியர் புகைபிடிக்கமாட்டார் என்று அவருடைய பெட்டியில் மிட்டாயும், ஒரு சின்ன டப்பாவில் மசாலாப் பொருளும் வைத்தார்கள். தன் நாட்டுக்குச் சம்பந்தமில்லாத போரில், பிரான்சின் சேற்றுக் குழியில் நின்ற பஞ்சாபிச் சிப்பாய்க்கு அந்த ஏகாதிபத்தியம் செய்த அநியாயம் பெரிது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், இவன் என்ன சாப்பிடுவான் என்று யோசித்து அந்த டப்பாவை நிரப்பியவரை நான் மதிக்கிறேன்.

கேட்காமல் நமக்குத் தெரியவே தெரியாத தேவைகளும் உண்டு. இராக்கில் இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய், பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் நூல் நூலாகப் பீய்ச்சி விளையாடும் ஸ்ப்ரே டப்பாக்களை அனுப்பச் சொல்லித் தன் அம்மாவைக் கேட்டார். அறைக்குள் நுழையும் முன் அதைப் பீய்ச்சினால், வெடிகுண்டோடு இணைத்த, கண்ணுக்குத் தெரியாத கண்ணிக் கம்பி இருந்தால் நூல் அதன்மேல் தொங்கும், இல்லையென்றால் தரையில் விழும். அந்த அம்மா ஆயிரக்கணக்கில் டப்பா சேர்த்தார். ஆனால் அழுத்த வாயு அடைத்த பொருளைச் சாதாரணத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் அவை மாதக்கணக்கில் தேங்கின. இங்கேயும் ஸ்ப்ரே, லைட்டர் போன்றவற்றை வைக்காதீர்கள்.

‘எல்லை வீரர்களுக்கு’ என்று பொதுவாக எழுதிய பெட்டிக்குப் போய்ச் சேர வழி கிடையாது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் என்ற உயிர்க்கொல்லிக் கிருமித் தூள் அமெரிக்காவில் தபாலில் வந்தபிறகு, ‘யாரேனும் ஒரு வீரருக்கு’ என்று அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே நிறுத்திவிட்டது. ஊர் பேர் தெரியாத பார்சலை ராணுவம் சந்தேகப்படத்தான் வேண்டும். ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்), ஒன்பதில் தொடங்கும் பின்கோடு. முகவரி இவ்வளவுதான், ஊர்ப் பெயர் இருக்காது. அந்த யூனிட் இன்றைக்கு எந்த மலையில் இருக்கிறது என்பது ராணுவ அஞ்சல் பிரிவுக்குத் தெரியும். 1972 மார்ச் 1 முதல் அது தனிப் படைப்பிரிவாகவே இயங்குகிறது. ஆக, உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். அது கிடைப்பது உங்கள் பக்கம் கஷ்டமே இல்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று சொல்லும் ஊர்கள் இருக்கிற வட்டாரம் உங்களுடையது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். ஒருவர் பெயருக்குப் போனால் போதும், அவருடைய செக்‌ஷனில் இருக்கும் பத்துப் பேரும் தின்பார்கள். உறையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்.

கடைசியாக, எழுதாத அந்தப் பெண். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அவள்தான். அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு ராணுவ வீரர் என்றால் ஒரு படம். அவளுக்கோ லீவு முடிந்து காட்பாடியில் ரயில் ஏறுகிறவர். வகுப்பில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்காட்டும் கடிதத்தில் அவள் எதை எழுத முடியும்? ஒரு சனிக்கிழமை அவள் அம்மாவைப் போய்ப் பாருங்கள். வருமானச் சான்றிதழ், ஆதார் திருத்தம், மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று தனியாக அலைகிற பெண்களை ராணுவக் குடும்பங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். டிசம்பர் 7 கொடி நாளுக்கு நாம் உண்டியலில் காசு போடுகிறோம், அது நல்லதுதான். அதோடு பள்ளியில் யாராவது ஒருவர் அந்த அம்மாவோடு தாலுகா ஆபீஸுக்கு ஒரு நடை போய் வந்தால், அந்த ஹவில்தாருக்கு வரும் அடுத்த போனில் ஒரு கவலை குறையும்.

அந்த அம்மாவை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள், மகளின் வகுப்பிலிருந்து கடிதங்கள் வந்தால் வாங்கிக்கொள்வாரா, பார்சலில் என்ன வைக்கலாம் என்று. மகளுக்கும் சம்மதமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் தயங்கினாலும் விட்டுவிட்டு வேறு பெயர் தேடுங்கள். சரி என்றால் மொத்தக் கட்டும் அவர் பெயருக்கே போகட்டும். பொங்கலுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். பனிக்காலத்தில் மலைப் பக்கம் எதுவும் சொன்ன நாளில் போகாது. உருண்டை பிடிக்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் சத்துணவு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இரண்டாம் தடவை எழுதியதில் ஒன்றிரண்டை, அவர்கள் சம்மதித்தால், எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.