நிலத்தை விற்கும் முன்: புற்றுநோய்ச் சிகிச்சை கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், நாலாம் நிலை. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. இம்யூனோதெரபி போட்டால் போதும், கீமோவே வேண்டாம் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுவிடலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பயாப்ஸி எடுத்த துண்டில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் இவை அதிகம். இருந்தால் மாத்திரையிலேயே நோய் அடங்க நல்ல வாய்ப்பு உண்டு. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஜெஃபிட்டினிப் மாத்திரையை இங்கேயே பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் கைக்கு எட்டும்.

இம்யூனோதெரபி நேராகப் புற்றைக் கொல்வதில்லை. நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களான நம் டி-செல்கள் மேல் புற்றுச் செல்கள் அழுத்தி வைத்திருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். மீதி வேலை நம் உடம்பினுடையது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டியில் அது பெரும்பாலும் எடுபடாது. அதைப் போட்ட கையோடு, இதே மாற்றத்துக்கான ஓசிமெர்ட்டினிப் மாத்திரை ஆரம்பித்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடும். அவசரப்பட்டுப் போட்ட ஊசி, பிறகு வேண்டிய மாத்திரைக்கு இடைஞ்சலாகிவிடும். மூச்சுத்திணறல் மோசமாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் கீமோவை ஆரம்பிப்பார்கள். அது தப்பில்லை.

கேள்வி: வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. இனி ஆபரேஷன் முடியாதாம். நிவோலுமாப் என்று ஒரு ஊசி சொன்னார்கள். விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.

பதில்: நிவோலுமாபும் ஒரு இம்யூனோதெரபி ஊசிதான். உங்களைப் போல விலை கேட்டு எழுந்து போனவர்கள் ஏராளம் அம்மா. அவர்களை மனதில் வைத்துத்தான் மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு ஆய்வு நடந்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். 2022-ல் முடிவு வெளியானது. மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 16 சதவீதம். ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 43.

முழு டோஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு இல்லை இது; நோய் முற்றிலும் குணமாகும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், கோடி ரூபாய் சிகிச்சைகளைவிட நம் ஊர் நோயாளிகளுக்கு இதுதான் பெரிய செய்தி. இது இன்னும் பலர் காதுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது என் ஆதங்கம். குறைந்த அளவு நிவோலுமாப் சரிவருமா என்று உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 40 மில்லிகிராம் குப்பியை ஒரே நாளில் வரும் இரண்டு பேருக்குப் பிரித்துப் போட்டால் செலவு இன்னும் இறங்கும்.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கார்-டி செல் சிகிச்சை இந்தியாவிலேயே வந்துவிட்டதாமே, அதைக் கொடுக்கலாமா?

பதில்: வந்துவிட்டது, ஆனால் அக்காவுக்கு இல்லை. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி-செல்களையே வெளியே எடுத்து, சிடி19 என்ற அடையாளத்தைத் தேடிப்போகும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவார்கள். அந்த அடையாளம் இருப்பது வெள்ளணுக்களில் இன்னொரு வகையான பி-செல்களில். ஆகவே அந்த வகை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), லுக்கீமியா (ரத்தப் புற்று) திரும்ப வந்தவர்களுக்குத்தான் இது. அக்காவின் ரிப்போர்ட்டில் ஹெர்2 (சில மார்பகப் புற்றுச் செல்களில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) என்ன என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கீமோ போட்டு பத்து நாள் ஆகிறது. ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். டோலோ போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாமா?

பதில்: கூடாது. இப்போதே கிளம்புங்கள். ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் இவை. 100.4-ஐத் தொட்டாலே ஆஸ்பத்திரி, நடுராத்திரியானாலும் சரி. கீமோ சீட்டையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பில் பரவி வலியில் துடிக்கிறார். மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். பழகிவிட்டால் என்ன செய்வது? கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

பதில்: கொடுங்கள். வலிக்காக, சொன்ன அளவில் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது மிக அரிது. இந்தப் பயம் சட்டத்திலேயே இருந்தது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பது கொஞ்சம் சுலபமானது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், தானே குறையும். குறையாதது மலச்சிக்கல். அதற்கான மருந்தை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.