பாடல் வரிகளே இல்லாத, பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் மட்டும் உள்ள இசைத்தொகுப்பு எதுவாவது உங்களை அழ வைத்ததுண்டா?

உண்டு. கிரேக்க இசைக்கலைஞர் யானியோட 'இன் மை டைம்', 1993ல வந்தது. யானின்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்த நீளமான முடி, வெள்ளை டிரஸ், அக்ரோபொலிஸ் கான்சர்ட், இல்லன்னா 1997ல தாஜ்மஹால் பக்கத்துல வாசிச்சது. ஆனா என்ன கவுத்தது அந்த பிரம்மாண்டம் எதுவும் இல்லாத இந்த ஆல்பம்தான். அதுக்கு முன்னாடி அவர் போட்டதெல்லாம் பெரும்பாலும் சிந்தசைசர்ங்கற எலக்ட்ரானிக் கீபோர்ட வச்சு டமடமன்னு இருக்கும், இதுல மனுஷன் பியானோ முன்னாடி உக்காந்து அடக்கி வாசிச்சிருப்பார், பின்னாடி ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம், வரும் போகும், அவ்ளோதான்.

1998ல காலேஜ் ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் இத வச்சிருந்தாரு. அவர்கிட்ட கெஞ்சி வாங்கி ஊர்ல ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்து 60 நிமிஷ கேசட்ல பதிஞ்சேன். கடைக்காரர் ஆர்டர் எல்லாம் பாக்கல, இடம் இருக்கற எடத்துல போட்டு நெறப்பிட்டாரு. அதுல ஏ சைடு கடைசில வந்தது 'அன்டில் த லாஸ்ட் மொமென்ட்'. மெதுவா ஆரம்பிச்சு, ஏறி ஏறி, இனிமே தாங்காதுடான்னு நினைக்கிற எடத்துல டேப் தீந்து டக்குனு பட்டன் மேல எழும்பிடும். நான் சத்தியமா பாட்டே அப்படித்தான் முடியுதுன்னு நினைச்சேன். பேரு வேற 'கடைசி நொடி வரை', சரி அதான் இப்படி வெட்டி முடிச்சிருக்காரு, என்னா மனுஷன்யான்னு ரூம்மேட் கிட்ட விளக்கம் எல்லாம் சொல்லிருக்கேன். சிரிக்காதீங்க.

அழுதது எப்பன்னு கேட்டா, முதல் தடவ கேட்டப்போ இல்ல. லீவுக்கு வீட்டுக்கு வந்து டேப் ரெக்கார்டர்ல போட்டுவிட்டு படுத்திருக்கேன், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "ஏன்டா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"னாங்க. அவங்க பாவம் இது எல்லாமே பாட்டுக்கு முன்னாடி வர்ற மியூசிக்குன்னு நினைச்சு எஸ்பிபியோ ஜானகியோ யாராவது வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நமக்கெல்லாம் அப்படித்தானே காது பழகியிருக்கு, மியூசிக்னா குரலுக்கு வழி விடறதுக்கு இருக்கறது. இதுல யாரும் பாட மாட்டாங்கம்மான்னேன். "அப்ப எதுக்கு சோகமா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்னிக்கு பதில் தெரியல. இப்பவும் முழுசா தெரியாது, ஆனா ஒண்ணு தோணுது. பியானோல ஒரு கட்டைய அடிச்ச அடுத்த நொடியே அந்த சத்தம் தேய ஆரம்பிச்சிடும், பெடல மிதிச்சு கொஞ்சம் நீட்டலாமே தவிர திரும்ப ஏத்த முடியாது. கமகம் கிடையாது, ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டு போக முடியாது, தாவித்தான் போகணும். வயலின் அப்படி இல்ல, வில்லு ஓடற வரைக்கும் ஸ்வரம் நிக்கும், நடுவுலயே பெருசாக்கலாம். அதனால பியானோ ஒண்ண சொல்லி சொல்லி சாகும், பின்னாடி ஸ்ட்ரிங்ஸ் அத விடாம புடிச்சிக்கும். 'தி எண்ட் ஆஃப் ஆகஸ்ட்' கேட்டீங்கன்னா, சொல்ல வந்தத பாதில விட்டுட்டு திரும்ப ஆரம்பிக்கிற ஆள் மாதிரி இருக்கும் அந்த பியானோ. எதுக்கு சோகம்னு வரி சொல்லித்தரல இல்லையா, அப்ப நம்ம கிட்ட இருக்கற சோகத்த எடுத்து வச்சிக்கறோம். எனக்கு அப்ப ரெண்டு அரியர், வீட்ல சொல்லல, அது ஒண்ணு போதாதா.

அழுதது 'ஃபெலிட்சா'வுக்கு. அது அவர் அம்மா பேரு, அவங்களுக்காக போட்டதுன்னு அந்த சீனியர் சொல்லி அனுப்பிருந்தாரு, நானும் பேச்சுவாக்குல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கீரைய அப்படியே நிறுத்திட்டு, "அம்மாவுக்கா? இன்னொரு தடவ போடு"ன்னாங்க. ரீவைண்ட் பண்ணி போட்டேன். ஒண்ணும் பேசல, தலைய குனிஞ்சு கீரை உருவிக்கிட்டே கேட்டாங்க, ஆனா ரொம்ப மெதுவா, ஒரு ஒரு காம்பா. நான் சுவத்து பக்கம் திரும்பி படுத்துக்கிட்டேன்.

இந்த ஆளு மியூசிக் முறையா படிச்சவரே இல்ல, அதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். கிரேக்கத்துல கலமாட்டால பொறந்தவரு, 14 வயசுல நீச்சல்ல தேசிய சாதனை, அப்புறம் அமெரிக்கா போய் மின்னசோட்டா யுனிவர்சிட்டில படிச்சது சைக்காலஜி. ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டுல எழுதற மேற்கத்திய இசைக்குறிப்பு, எழுதாம சின்ன வயசுல தானா உருவாக்கின ஒரு சுருக்கெழுத்துல குறிச்சு வச்சுப்பாராம். விமர்சகர்கள் நிறைய பேர் அவர லிஃப்ட்ல ஓடற மியூசிக்னு ஓட்டுவாங்க. நியாயம் கொஞ்சம் இருக்கு, சில எடத்துல சர்க்கரை தூக்கலாத்தான் இருக்கும், ஒரே மாதிரி ஏத்தம் இறக்கம் திரும்பத் திரும்ப வரும், தொடர்ந்து ரெண்டு தடவ முழு ஆல்பத்தையும் என்னாலயே கேட்க முடியாது. ஆனா பாயசத்துல சர்க்கரை ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டே டம்ளர காலி பண்றதும் நாமதானே.

'அன்டில் த லாஸ்ட் மொமென்ட்' முழுசா கேட்டது 2005ல, ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்த எம்பி3 சிடில. டேப் தீர்ற அந்த எடம் வந்துச்சு, கை தானா பட்டன் எழும்பற சத்தத்துக்கு காத்துக்கிட்டு இருக்கு, பாட்டு பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கு. முதல்ல கடுப்புதான் வந்துச்சு, யாரோ என் பாட்டுல மிச்சத்த ஒட்ட வச்சுட்டாங்க மாதிரி. மூணாவது தடவ கேட்டப்பதான் ஒத்துக்க முடிஞ்சுது.

அக்ரோபொலிஸ் கான்சர்ட்லயும் இந்த பீஸும் ஃபெலிட்சாவும் வரும், 1993 செப்டம்பர்ல ஏதென்ஸ்ல ஹெரோட் அட்டிகஸ்னு ஒரு பழைய கல் தியேட்டர்ல, ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவோட. ஆர்கெஸ்ட்ராவ நடத்தினவர் ஷார்தாத் ரோஹானி. முதல் தடவ கேட்கறவங்களுக்கு நான் அத சொல்ல மாட்டேன், கைதட்டலும் லைட்டும் மனச வேற எங்கயோ இழுத்துட்டு போகும். ஆல்பத்த போடுங்க, ராத்திரி, ஹெட்போன்ல, 'ஒன் மேன்ஸ் ட்ரீம்'ல ஆரம்பிங்க. 'அன்டில் த லாஸ்ட் மொமென்ட்' வந்தா பாதில போன் வந்தாலும் எடுக்காதீங்க, முடிவ ஏழு வருஷம் கேட்காம இருந்தவன் சொல்றேன்.